சந்தனம் பூசிய பிளேடு

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கூடினால் மண்ணெண்ணெய்ப் பேச்சு வராமல் இருக்காது. ரேஷன் கடை வரிசை, பம்ப் ஸ்டவ், அரிக்கேன் விளக்கு என்று ஆளுக்கொன்றைச் சொல்லிப் பெருமூச்சு விடுவார்கள். எனக்குப் பெருமூச்சு வராது. எனக்கு மண்ணெண்ணெய் என்றால் அம்மாவின் கை. அவள் சோறு பிசைந்து கொடுத்தாலும் அதில் அந்த வாடை இருக்கும். அப்பா மர மில்லில் ரம்பம் ஓட்டுகிறவர். அந்த ரம்பத்தின் பிளேடைக் கழுவுகிறவள் அம்மா.

பிளேடு என்றதும் சவரம் செய்கிறதை நினைத்துவிடாதீர்கள். இது வாசலில் போடுகிற கோலம் அளவுக்கு வட்டமான எஃகுத் தகடு. சுற்றிலும் என் விரல் நீளத்துக்குப் பல். மில் நாகல் நகரைத் தாண்டி இருந்தது. மில்லுக்குப் பின்னாலேயே தகரக் கூரை போட்ட எங்கள் வீடு. வேம்பு, வாகை, மா, புளி என்று செம்பட்டிப் பக்கமிருந்து லாரியில் வந்து இறங்கும். அறுக்க அறுக்க அந்த மரங்களின் பிசின் பல்லிடுக்கில் ஒட்டிக் கருகித் தார் மாதிரி ஆகிவிடும். பிசின் ஏறிய பிளேடு மரத்தை அறுக்காது, உரசும். உரசினால் சூடாகும். சூடானால் ஆடும். ஆடுகிற பிளேடு உயிர்ப்பலி கேட்கும், "ஆளப் பாக்கும்" என்பது மில்லில் எல்லாரும் சொல்கிற பேச்சு.

வாரக் கடைசியில் அப்பாவும் மாமாவும் பிளேடைக் கழற்றி, சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து வீட்டின் பின்பக்கம் போட்டுவிட்டுப் போவார்கள். மாமா என்றால் அம்மாவின் கூடப்பிறந்த தம்பி, அதே மில்லில்தான் வேலை. அம்மா தார் டிரம்மின் மூடியில் சலவைச் சோடா கலந்த வெந்நீரை ஊற்றி முதலில் ஊறவைப்பாள். பிசின் இளகியதும் பித்தளைக் கம்பி பிரஷ்ஷால் ஒவ்வொரு பல்லாகத் தேய்ப்பாள். அப்புறம் துடைத்து, துரு ஏறாமல் இருக்க மண்ணெண்ணெய் பூசுவாள். அந்த டிரம் மூடி, அந்த பிரஷ், பழைய வேட்டித் துணி எதுவும் இப்போது இல்லை. இருந்தாலும் வீட்டில் வைத்துக்கொள்ளமாட்டேன். அவள் கைகளில் எப்போதும் ஏதாவது ஒரு வெட்டு ஆறிக்கொண்டிருக்கும், இன்னொன்று புதிதாக இருக்கும்.

மில்லில் எதற்கெடுத்தாலும் அடிதான். லோடு இறக்குகிறவரோடு மாமாவுக்கு வாய்த்தகராறு வந்தால் மறுநிமிடம் கையில் கடப்பாரை இருக்கும். ஒருமுறை மாமா அவருடைய தோளை உடைத்துவிட, பெரியாஸ்பத்திரிக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் முதலாளிதான் நடந்தார். வீட்டில் அப்பா. அவர் அடிக்கும்போது சத்தம் போடமாட்டார், முகம்கூட மாறாது. மரம் அறுக்கிற நிதானத்தில் அடிப்பார். குழம்பில் உப்புக் கூடினால் அம்மாவுக்கு, நான் குறுக்கே வந்தால் எனக்கு. மழை, வெயில் மாதிரி இதுவும் ஒன்று என்றுதான் அப்போது நினைத்திருந்தேன். உங்களில் பல பேர் வீட்டிலும் அப்படித்தான் இருந்திருக்கும், வெளியே சொல்லமாட்டீர்கள்.

அடிக்குப் பயப்படாத அம்மா ஒன்றுக்குப் பயந்தாள். எங்கள் தெருக்கோடியில் ஒருவர் இருந்தார், பழனி ரோட்டில் வேறொரு மில்லில் வேலை. அங்கே பிளேடு ஓடும்போது உடைந்து, ஒரு துண்டு அவர் வயிற்றில் பாய்ந்துவிட்டது. மில் பலகை ஒன்றிலேயே படுக்கவைத்து அவரை வீட்டுக்குத் தூக்கிவந்தார்கள். அவர் மனைவி குடத்தைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள். பலகையிலிருந்து இரத்தம் மரத்தூளோடு கெட்டியாகச் சொட்டியதை நானும் அம்மாவும் பார்த்துக்கொண்டு நின்றோம். அதிலிருந்து அம்மா பிளேடைக் கழுவும்போது பேச்சுக் கொடுத்தால் பதில் சொல்லமாட்டாள். முகத்தைத் தகட்டின் மேல் வைத்து ஒவ்வொரு பல்லிடுக்கையும் பார்ப்பாள்.

நான் ஐந்தாவது படித்த வருஷம் ஆயுத பூசை வந்தது. மில்லில் அதுதான் தீபாவளி. அன்றைக்கு எந்திரம் ஓடாது. எல்லாவற்றையும் கழுவி, துடைத்து, பிளேடுக்குச் சந்தனம் பூசிக் குங்குமம் வைப்பார்கள். பூசிய சந்தனத்தை யாரும் துடைக்கக்கூடாது. மறுநாள் விஜயதசமிக் காலையில் முதல் கட்டையை அறுக்கும்போது அதுவாகத்தான் தெறித்துப் போகவேண்டும். கையால் துடைத்தால் பிளேடில் ஏறிய சாமியைத் துடைத்த மாதிரி, தொழில் படுத்துவிடும் என்பார்கள். முதலாளி வேதக்காரர், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகிறவர். அவரும் அன்று செருப்பை வாசலில் விட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்.

பூசையன்று காலையிலேயே அம்மா பிளேடைக் கழுவி முடித்துவிட்டாள். மண்ணெண்ணெய் பூசி, நன்றாகத் துடைத்துச் சாக்கின் மேல் வைத்தாள். அப்பா குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்து, திருநீற்றைக் கை நிறைய அள்ளி ஓரம் முழுக்கப் பட்டையாகப் பூசினார். பூசிவிட்டுக் கற்பூரம் எடுக்க உள்ளே போனார். அம்மா அங்கேயே உட்கார்ந்திருந்தாள். நானும் பக்கத்தில் இருந்தேன்.

வெள்ளைத் திருநீற்றில் ஒரு கோடு தெரிந்தது. பல்லின் அடியிலிருந்து தகட்டின் நடுவை நோக்கித் தலைமுடி மாதிரி ஒரு ஈரக்கோடு. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது நீண்டது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மாவுக்குப் புரிந்துவிட்டது. ஸ்டவ் டேங்கில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டை விழுந்தால் அவள் மேலே அடுப்புச் சாம்பலைத் தூவித்தான் கண்டுபிடிப்பாள். எங்கே சாம்பல் நனைகிறதோ அங்கே ஓட்டை. பிளேடில் மண்ணெண்ணெய் உள்ளே போய் ஒளிந்திருக்கிறது என்றால் அது ஒளிய ஒரு இடம் இருக்கவேண்டும்.

"ஏங்க, செத்த இங்க வந்து பாருங்க. பல்லுக்குக் கீழ கீறல் விட்ருக்கு."

அப்பா குனிந்து பார்த்தார். "துணி நூலுடி அது."

அம்மா அந்த இடத்தைத் துடைத்துவிட்டு மறுபடி திருநீறு தூவினாள். கோடு மறுபடி வந்தது. "நூலுன்னா திரும்பவும் அதே எடத்துலயா வரும்? வேணாங்க. செவுத்துல தொங்குற பழைய பிளேட மாட்டிக்கங்க. இத அப்பறமாப் பாத்துக்கலாம்."

அவள் இன்னொன்றையும் சொல்லியிருக்கக்கூடாது, சொல்லிவிட்டாள். "போன வாரம் அவசரத்துல அரம் போட்டீங்கள்ல, பல்லிடுக்கு வளைவா இல்லாமக் கூர் முக்காக் கிடக்கு. அந்த முக்குலருந்துதான் கீறல் வந்துருக்கு."

அறை விழுந்தது. அவள் தலை சுவரில் போய் மோதியது. "நல்ல நாளும் அதுவுமா, சாமி ஏறப்போற பிளேடுல குத்தம் சொல்றியா? எனக்கு அரம் போடச் சொல்லித் தாரியா நீ? வாயக் கழுவுடி."

"நானும் பாத்தேம்ப்பா, கோடு வந்துச்சு" என்றேன். எனக்கும் ஒன்று விழுந்தது. காதுக்குள் மில் ஓடுகிற சத்தம் செத்த நேரம் கேட்டுக்கொண்டிருந்தது.

அப்பாவும் மாமாவுமாகப் பிளேடைத் தூக்கிப்போய் எந்திரத்தில் மாட்டினார்கள். அப்பா சந்தனத்தைக் குழைத்துப் பூசினார். எல்லா இடத்திலும் பொட்டுப் பொட்டாக வைத்தவர், கோடு வந்த இடத்தில் மட்டும் கெட்டியாக அப்பினார். அதை நான் பார்த்தேன். இப்போது எனக்குத் தோன்றுகிறது, அவருக்கு அப்போதே பாதி தெரிந்திருக்கும். மீதியைத் தெரிந்துகொள்ள அவர் விரும்பவில்லை.

சுண்டல், பொரி, கடலை எல்லாம் கொடுத்தார்கள். அம்மா வாங்கிக்கொள்ளவில்லை. முதலாளி ஸ்கூட்டரைக் கிளப்பும்போது போய் வழியில் நின்றாள். கன்னம் வீங்கி ஒரு கண் பாதி மூடியிருந்தது. முதலாளி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு ஹேண்டில்பாரைப் பார்த்துக்கொண்டார்.

"முதலாளி, அந்தப் பிளேடு கீறியிருக்குது. சந்தனத்த மட்டும் தொடச்சுப் பாருங்க, தெரியும். ஒங்க வாயால ஒரு வார்த்த சொன்னாப் போதும்."

"நான் வேதக்காரன்மா" என்றார் அவர், உண்மையிலேயே வருத்தமாக. "ஒங்க சாமிக்கு வச்ச சந்தனத்தத் தொடைன்னு நான் எப்படிச் சொல்றது? நாளைக்கு எம்புட்டுப் பேச்சு வரும்? அவரு இத்தன வருசமா ஓட்டுறாரு. அவருக்குத் தெரியாதா?"

நல்ல மனிதர்தான், அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வராது. அடுத்தவர் சாமியை மதிக்கிறோம் என்ற நினைப்பில் அவர் ஆளைச் சாகக் கொடுக்க இருந்தார். இந்த மாதிரி மரியாதைகளை நான் அப்புறமும் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அம்மா கடைசியாகத் தம்பியைப் பிடித்தாள். அப்பா இந்தப் பக்கமிருந்து மரத்தைத் தள்ளுவார், மாமா அந்தப் பக்கம் நின்று இழுப்பார். பிளேடுக்கு நேர் எதிரே நிற்பது மாமாதான். அது உடைந்து பறந்தால் முதலில் போய்ச் சேருகிற இடம் அவர் மார்பு.

"தம்பி, நாளைக்கு நீ எதுத்தாப்புல நிக்காதல. காச்சல்னு சொல்லிப் படுத்துக்க."

மாமா சிரித்தார். "யக்கா, நீ பிளேடக் கழுவுறவ. ஓட்டுறது மச்சான். ஒனக்கென்ன தெரியும் இதுல? அதான் சாமி கும்புட்டாச்சுல்ல."

"சாமி வந்து எதுத்தாப்புல நிக்குமால?"

"அந்தத் தெருக்கோடி ஆளு செத்ததுலருந்து ஒனக்குப் பித்துப் புடிச்சிருச்சு. போய்ப் படு."

விஜயதசமிக் காலை. மில் வாசலில் பூசணிக்காயைச் சுற்றி உடைத்தார்கள். காய்க்குள் அடைத்திருந்த குங்குமம் கலந்த சுண்ணாம்பு சிவப்பாகச் சிதறியது. ரம்ப மேசையில் ஒரு வேப்பங்கட்டையை ஏற்றி வைத்திருந்தார்கள். மாமா நெற்றி நிறையத் திருநீறோடு எதிர்ப்பக்கம் போய் நின்றார். அப்பா கட்டையில் கை வைத்தார். முதலாளி சுவிட்ச் பெட்டி பக்கம் போனார். வருஷத்தின் முதல் ஓட்டத்துக்கு அவர்தான் சுவிட்ச் போடுவார்.

நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு கதவோரம் நின்றிருந்தேன். சேலை என் கையிலிருந்து உருவிக்கொண்டு போனது. மரத்துக்கு ஆப்பு அடிக்கிற சம்மட்டி தூணில் சாய்த்து வைத்திருந்தது. அம்மா அதைத் தூக்கிக்கொண்டு நேராக மேசைக்குப் போனாள். ஒரு கையால் பிளேடைச் சுற்றினாள். சந்தனம் கெட்டியாக அப்பியிருந்த இடம் மேலே வந்தது. யாரும் வாயைத் திறப்பதற்குள் சம்மட்டியை இரண்டு கையாலும் ஓங்கி அந்த இடத்தில் பக்கவாட்டில் அடித்தாள்.

நல்ல பிளேடைத் தட்டினால் கோயில் மணி மாதிரி இழுத்து ஒலிக்கும். அது வளையும், உடையாது. இது 'தட்'டென்று ஒரு சத்தம்தான் போட்டது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு பல்லோடு பிய்ந்து மரத்தூளில் விழுந்தது.

அப்பா குனிந்து அந்தத் துண்டை எடுத்தார். நான் அம்மாவின் பின்னாலேயே ஓடிவந்து அவர் இடுப்பளவு உயரத்தில் நின்றதால் எனக்கு நன்றாகத் தெரிந்தது. உடைந்த விளிம்பில் ஒரு பகுதிதான் வெள்ளி மாதிரி புதிதாக மின்னியது. பெரும்பகுதி பழுப்பேறிக் கறுத்து, மண்ணெண்ணெய் கசிந்து பளபளவென்று இருந்தது. அந்தப் பகுதி அம்மா உடைத்ததில்லை, முன்னாலேயே பிளந்து கிடந்தது. அப்பா கட்டைவிரலால் அந்தக் கறுப்பைத் தடவினார். விரலைப் பார்த்தார். பிறகு துண்டைக் கழிவு எண்ணெய் டிரம்முக்குள் போட்டார். முழுகிப் போனது.

தூணில் பழைய மோட்டார் பெல்ட் துண்டு ஒன்று தொங்கும். அதை எடுத்தார்.

அம்மா ஓடவில்லை. முதல் அடியில் சம்மட்டி கையிலிருந்து நழுவியது. அவள் திரும்பக் குனிந்து அதை எடுக்கப் போனாள். அப்போது மாமா மேசையைத் தாண்டிக் குதித்துவந்து அவள் கைகள் இரண்டையும் பின்னால் முறுக்கிப் பிடித்துக்கொண்டார். எந்த நெஞ்சைக் காப்பாற்ற அவள் அதைச் செய்தாளோ, அதே நெஞ்சில் அவளைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டுதான் அடி வாங்க வைத்தார். பெல்ட்டு பட்ட இடத்தில் ரவிக்கை கிழிந்தது. அப்புறம் தோல் கிழிந்தது. நான் அப்பாவின் காலைக் கடித்தேன். உதறியதில் மரத்தூள் குவியலில் போய் விழுந்தேன். வாய், மூக்கெல்லாம் வேப்பந்தூள். அந்தக் கசப்பு இன்றைக்கும் எனக்குப் பிடிக்காது.

"பிளேடு ஏற்கெனவே ஒடைஞ்சிருந்துச்சு, கறுப்பா இருந்துச்சு!" என்று நான் கத்தினேன். யார் கேட்டார்கள்?

தோள் உடைபட்ட அந்த லோடுமேன்தான் கடைசியில் அப்பாவைப் பிடித்து இழுத்தார். "விடுண்ணே, செத்துரப் போகுது. சாமி ஏறுன பிளேட ஒரு பொம்பள தன் புத்தியோட ஒடப்பாளா? அது மேல என்னமோ ஏறியிருக்கு."

அதைக் கேட்டதும் எல்லார் முகமும் இளகியது. அப்பாவின் கை இறங்கியது. மாமா பிடியை விட்டார். முதலாளி சிலுவை போட்டுக்கொண்டார். எவ்வளவு வசதியான பேச்சு பாருங்கள். அம்மா மேல் குற்றமில்லை, பேய் மேல்தான். அப்பா மேலும் இல்லை, அவருடைய அரத்தின் மேலும் இல்லை. அம்மாவுக்கு உபகாரம் செய்வதாகத்தான் ஒவ்வொருவரும் நினைத்தார்கள்.

மறுநாளே மாமா எங்களைச் செம்பட்டி பஸ்ஸில் ஏற்றி அம்மாவின் பிறந்த வீட்டுக்குக் கூட்டிப்போனார். வெள்ளிக்கிழமை பேயோட்டுகிற கோடாங்கி வந்தார். தோட்டத்துப் புளியமரத்தடியில் அம்மாவை உட்காரவைத்துத் தலையில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். பெல்ட்டுக் காயத்தில் தண்ணீர் பட்டபோது அவள் உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. பேய் நடுங்குகிறது என்றார்கள்.

கோடாங்கி உடுக்கையை அடித்துக்கொண்டே சுற்றி வந்தார். "யாரு நீ? ஒம் பேரச் சொல்லு!"

அம்மா தன் பெயரைச் சொன்னாள்.

வேப்பங்குழையால் முகத்தில் அடி. "பொய் சொல்லாத. யாரு நீ?"

அம்மா மறுபடியும் தன் பெயரைச் சொன்னாள். தன் அப்பா பெயர், தாத்தா பெயர், பிறந்த ஊர் எல்லாம் சொன்னாள். "நான்தான் ஒடச்சேன். கீறல் இருந்துச்சு, ஒடச்சேன்." அடித்தார். திரும்பக் கேட்டார். அவள் திரும்ப அதையே சொன்னாள். குழையில் இலையெல்லாம் உதிர்ந்து வெறும் குச்சியாகி, இன்னொரு கொத்து ஒடித்துவந்தார்கள். கூட்டத்திலிருந்த பெண்கள் "சொல்லீரு தாயி, யாரு பேரையாச்சும் சொல்லீரு" என்று அழுதார்கள். பேய் எதுவும் இல்லை என்பது அவர்களுக்குத் தெரியும் என்று இப்போது நினைக்கிறேன். மாமா மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றார்.

உச்சி வெயில் சாய்கிற நேரத்தில் அம்மாவுக்குக் குரல் போய்விட்டது. உதடு மட்டும் அசைந்தது. அது தன் பெயரைத்தான் சொல்கிறது என்று எனக்குத் தெரிந்தது. கோடாங்கி, பேய் பேர் சொல்லிவிட்டது என்று அறிவித்தார். அவள் உச்சி முடியைக் கொத்தாகப் பிடித்து அறுத்து, புளியமரத்தில் வைத்து ஆணி அடித்தார். பின் உட்கார்ந்து மோர் குடித்தார்.

அப்போதுதான் அப்பா வந்தார். மடித்த வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு, கையில் மல்லிகைப்பூப் பொட்டலத்தோடு தோட்டத்துக்குள் நுழைந்தார். அம்மாவைப் பார்த்ததும் நின்றுவிட்டார். நான் ஓடிப்போய் அவர் வேட்டியைப் பிடித்தேன். எல்லார் காதிலும் விழட்டும் என்றே சத்தமாகக் கேட்டேன்.

"அப்பா, ஒடஞ்ச எடம் கறுப்பா இருந்துச்சுல்ல? நீங்க தடவிப் பாத்தீங்கள்ல? சொல்லுங்கப்பா."

மாமா திரும்பி அப்பாவைப் பார்த்தார். கூட்டமும் பார்த்தது. ஒரு வார்த்தை போதும் அவருக்கு. அப்பா என் கையை வேட்டியிலிருந்து எடுத்துவிட்டார்.

"போயிருச்சா சாமி?" என்று கோடாங்கியைக் கேட்டார்.

"சுத்தமாப் போயிருச்சப்பு. இனிமே இதுக்குள்ள எதும் இல்ல. ஒம் பொஞ்சாதி மட்டுந்தான் இருக்கா. கூட்டிட்டுப் போ."

"அப்பக் கெளம்பு" என்றார் அப்பா அம்மாவிடம், தரையைப் பார்த்தபடி. "பஸ்ஸுக்கு நேரமாச்சு."

அம்மா தரையில் கையூன்றி எழுந்தாள். ஈரச் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டாள். இரண்டு எட்டு வைத்து அப்பாவின் முன்னால் வந்து நின்று, கையை ஓங்கி அவர் கன்னத்தில் அறைந்தாள். பூப்பொட்டலம் கீழே விழுந்தது.

"அதுதான் போயிருச்சுல்ல" என்றாள். குரல் காற்றாகத்தான் வந்தது, ஆனால் எல்லாருக்கும் கேட்டது. "இது நான்."

கோடாங்கி மோர்ச் செம்பை வைத்துவிட்டு உடுக்கையைக் கையில் எடுத்தார். அப்பா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்தார்.

"வேணாம் சாமி, அடிக்காதீங்க" என்றார். "அவதான்."